மேற்கோள் மயக்கம்

நம் முன்னோர் காலத்தில் ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று வழக்கு எழுந்தால், "ஏட்டிலே இருக்கிறது" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் வாதம் முடிந்துவிடும். ஏட்டை அவிழ்த்துப் பார்த்தவர் யார், எந்த இடத்தில் இருக்கிறது, எழுதியவன் யார் என்று கேட்பது பெரியோரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. பின்னர் அச்சு வந்தது. "அச்சிலே வந்திருக்கிறது" என்பது அதே வேலையைச் செய்தது. இன்றோ, தோட்டத்து லயத்தில் வாழும் இளைஞனும் பட்டணத்துக் கடைவீதியில் இருக்கும் வியாபாரியும் கைப்பேசியை எடுத்து, "விக்கிப்பீடியாவிலே இருக்கிறது" என்று சொல்லி வாதத்தை முடிக்கின்றனர். ஏடு மாறிற்று, மனப்பான்மை மாறவில்லை. குருட்டு நம்பிக்கையை ஒழிக்கவேண்டுமென்று வாரந்தோறும் எழுதியும் படித்தும் வருகிற நாம், இந்தப் புதிய ஏட்டைக் குறித்துச் சிறிது ஆராய்வது கடமையாகும்.

விக்கிப்பீடியா என்பது யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற கொள்கையின்மேல் எழுந்த இணையக் கலைக்களஞ்சியம். ஆங்கிலத்தில் 2001-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி தொடங்கிற்று. தமிழில் 2003-இல் தொடங்கி, இன்று 1,50,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தாங்கி நிற்கின்றது. இதற்கு வித்திட்டு வளர்த்தவர்களுள் முதல்வரான இ. மயூரநாதனுக்குக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது அளித்தது. கூலியின்றிப் பலர் உழைத்த உழைப்பை நாம் இகழ வரவில்லை. அவ்வுழைப்பின் பேரால் நடந்த சில மோசடிகளையும், அவை வெளிப்பட்டபோது பொதுஜனங்கள் அவற்றை எவ்விதம் விளங்கிக்கொண்டனர் என்பதையுமே இங்கு எடுத்துக்கொள்ளுகின்றோம்.

முதலாவது, நம் இந்திய தேசத்தைப் பற்றியதே. 2007-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் போர்' என்றொரு கட்டுரை தோன்றிற்று. 1640 முதல் 1641 வரை கோவாவை ஆண்ட போர்ச்சுகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் பிச்சோலிம் என்னும் பிரதேசத்தில் போர் நடந்ததென்றும், அது சமாதான உடன்படிக்கையில் முடிந்ததென்றும் அக்கட்டுரை விரித்துரைத்தது. ஏறக்குறைய 4,500 சொற்கள். போரின் காரணம், நடந்த விதம், அதன் விளைவு எல்லாம் ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தன. அடியில் நூல்களின் பெயர்களும் ஆசிரியர்களின் பெயர்களும் வரிசையாக நின்றன. சில மாதங்களுக்குள்ளேயே 'நல்ல கட்டுரை' என்னும் தகுதியும் அதற்கு அளிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேல் அத்தகுதியோடு அது வாழ்ந்தது. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு தொண்டர் அடியில் இருந்த நூற்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அந்நூல்கள் உலகில் எங்கும் இல்லை. அந்தப் போரும் இல்லை. கட்டுரை நீக்கப்பட்டது.

இதனை ஓர் இலக்கியப் படைப்பாகவே எடுத்து மதிப்பிட்டுப் பார்ப்போம். இதனை இயற்றியவன் கெட்டிக்காரன் என்பதில் ஐயமில்லை. பிச்சோலிம் என்ற ஊர் உண்மை. கோவாவின் வடபாகத்தில் இருக்கின்றது. போர்ச்சுகீசியர் உண்மை, 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். மராட்டியர் உண்மை. பிற்காலத்தில் அவ்விரு சாராருக்கும் சண்டைகள் நடந்ததும் உண்மை. மெய்யான நான்கு கம்பங்களை நட்டு, நடுவில் பொய்யான பந்தலைப் போடுவது பழைய கதைகாரரின் உபாயம். கடவுள் மண்ணில் தோன்றினார் என்று சொல்லுகிற தலபுராணமும் நம்மூர் ஆற்றையும் நம்மூர் மரத்தையும் முதலில் வர்ணித்துவிட்டுத்தான் கடவுளை அழைத்துவருகின்றது. அறிந்த பெயர்களைக் கேட்டுத் தலையசைத்த செவி, அறியாத சங்கதி வரும்போதும் அசைப்பதை நிறுத்துவதில்லை.

ஆயினும் அந்தப் பந்தலிலே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதனைக் காண எந்தப் புத்தகசாலைக்கும் போகவேண்டியதில்லை. மராட்டிய அரசை நிறுவிய சிவாஜி பிறந்தது 1630-இல் என்பது பொதுவாகக் கொள்ளப்படுகின்ற செய்தி. முடி சூடியது 1674-இல். ஆகவே 1640-இல் சிவாஜி பத்து வயதுப் பாலகன்! அவர் தந்தை ஷாஜி பீஜப்பூர் சுல்தானிடம் சேவகம் செய்துகொண்டிருந்தார். மராட்டியப் பேரரசே பிறவாத காலத்தில் அப்பேரரசு போர்ச்சுகீசியரோடு பொருததென்று எழுதினால், அது பிள்ளை பிறக்குமுன் அதற்குக் கலியாணம் செய்துவைத்த கதையாகாதா? பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம் படித்த சிறுவன்கூடக் கண்டிருக்கக் கூடிய முரண்பாடு இது. ஐந்து வருஷம் உலகத்தார் ஏன் காணவில்லை? நூற்பெயர்கள் கண்ணை மறைத்தன. "இத்தனை மேற்கோள் காட்டியிருக்கிறானே, பொய்யா சொல்லுவான்?" என்ற மயக்கமே காரணம். மேற்கோள் என்பது வாசகன் சென்று பார்ப்பதற்காக வைத்த வாயில். அதனை வாசகன் வழிபடுவதற்காக வைத்த விக்கிரகமாக நாம் ஆக்கிவிட்டோம்.

இது மேனாட்டார் கண்டுபிடித்த புது வித்தை என்று எண்ணவேண்டாம். நம் தமிழிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களைத் தொகுத்துச் சொல்லும் பழைய வெண்பாவில் பதினெட்டாவது நூல் யாது என்பது பற்றிப் புலவரிடையே ஐயம் இருந்துவந்தது. 1917-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, தமக்குக் கிடைத்த பிரதியைக் கொண்டு 'இன்னிலை' என்னும் நூலை வெளியிட்டார். பொய்கையார் இயற்றியது என்றும், கடவுள் வாழ்த்து பாரதம் பாடிய பெருந்தேவனாருடையது என்றும் அந்நூல் தன்னைச் சொல்லிக்கொண்டது. பழைய பெயர்கள், பழைய நடை, காலியாக இருந்த ஓர் ஆசனம்! நூல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. 1931-இல் 'கைந்நிலை' அச்சேறிய பின்னர், அதுவே பதினெட்டாவது நூல் என்று அறிஞர் பலரும் கொண்டனர். இன்னிலை பிற்காலத்தார் ஒருவர் கட்டிய போலி என்று ஆராய்ச்சியாளர் பலர் முடிவு கட்டினர். தேசத்துக்காகச் செக்கிழுத்த சிதம்பரம் பிள்ளையின் நேர்மையில் யாரும் மாசு காணவில்லை. நேர்மையுள்ள பெரியவர் ஒருவர் கைப்பட வந்ததனாலேயே போலிக்குப் பலம் உண்டாயிற்று என்பதுதான் நாம் கவனிக்கவேண்டிய பாடம். கொடுத்தவர் பெருமை கொடுத்த பொருளுக்குச் சான்றாகாது. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைக் காணவேண்டுமென்று வள்ளுவர் சொன்னதை மேடைதோறும் முழக்குகிற நாம், அதனைச் செய்கையில் கொள்ளுவது அரிதாகவே இருக்கின்றது.

நிற்க, நூலின் வேடம் போட்டு வந்த பொய்யைக் கண்டோம். பட்டத்தின் வேடம் போட்டு வந்த பொய்யும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'எஸ்ஜே' என்னும் புனைபெயருடன் ஒருவர் இருந்தார். தாம் சமயத் துறைப் பேராசிரியர், முனைவர் பட்டம் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டார். தகராறுகளில் அப்பட்டத்தையே முன்னால் நிறுத்தினார். 2006 ஜூலையில் அமெரிக்காவின் 'நியூ யார்க்கர்' பத்திரிகை அவரைப் பேராசிரியரென்றே எழுதிற்று. 2007-இன் தொடக்கத்தில் உண்மை வெளிவந்தது. அவர் 24 வயது இளைஞர். பேராசிரியர் பதவியுமில்லை, முனைவர் பட்டமுமில்லை. பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் முதலில் இதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. கண்டனம் வலுத்த பின்னரே அவரைப் பதவி விலகச் சொன்னார். யாருடைய பட்டத்தையும் கேளாது, எழுதியதை மட்டும் பார்ப்போம் என்பது அக்கலைக்களஞ்சியத்தின் பெருமை. அந்த இடத்திலேயே, கேளாமற் சொன்ன பட்டத்துக்கு எல்லாரும் தலை வணங்கினர் என்றால், சாதிப் பட்டத்தை ஒழித்துவிட்டுக் கல்விப் பட்டத்தின் காலில் விழுகிற நம்மவர் நினைவு வராமற் போகுமா?

பதவியின் வேடம் போட்ட பொய் இவை எல்லாவற்றிலும் கொடிது. ஏனெனில் அதில் ஏழை எளியவரின் பணம் கலந்திருந்தது. இந்தியாவில் 'ஐ.ஐ.பி.எம்.' என்னும் வர்த்தக நிர்வாகக் கல்வி நிலையம் ஒன்று பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்களுடன் நடந்துவந்தது. அதைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தில் குறை கூறும் செய்திகள் மறைந்துகொண்டும், புகழ் கூறும் செய்திகள் வளர்ந்துகொண்டும் இருந்தன. அவ்வாறு திருத்தியவர்களுள் 'வைஃபைவன்' என்னும் புனைபெயருடைய ஒருவர் விக்கிப்பீடியாவிலேயே நிர்வாகிப் பதவி பெற்றிருந்தார். காவற்காரனே கதவைத் திறந்துவிட்டால் கள்வனுக்கு என்ன குறை? தொண்டர் சிலர் வருஷக்கணக்காக முறையிட்டனர். கடைசியில் 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவரை விலக்கிற்று. இதற்கிடையே 2014 செப்டம்பரில், அந்நிலையம் தன் பாடங்களை எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்று சொல்லிக்கொள்ளக்கூடாதென்று டில்லி உயர்நீதிமன்றம் தடுத்திருந்தது. இந்த வருஷங்களில், நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய தகப்பன், "விசாரித்துப் பார்" என்று பிள்ளையிடம் சொல்லியிருப்பான். பிள்ளை எங்கே விசாரித்திருப்பான்? ஆகவே இந்த விஷயம் கற்றவர் பொழுதுபோக்குச் சண்டையன்று. குடும்பங்களின் பிழைப்பைத் தொடுகிற விஷயம்.

இனி, இத்தகைய ஊழல்கள் வெளிப்பட்டபோது பொதுஜனங்கள் பெற்ற விழிப்பு எத்தகையது என்று பார்ப்போம். இரண்டு விதமான விழிப்பைக் காண்கின்றோம். இரண்டும் அரைத் தூக்கமே.

ஒரு சாரார், "அதிலுள்ளதெல்லாம் பொய், தொடாதே" என்றனர். 2005-ஆம் ஆண்டில் ஜான் சைகன்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, அவர் கென்னடி சகோதரர் கொலைகளில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ ஒருவர் எழுதிவைத்த அவதூறு நான்கு மாதங்கள் அழிக்கப்படாமல் இருந்தது. அவர் அதனைப் பத்திரிகையில் அம்பலப்படுத்திய பின் எங்கும் கூக்குரல் எழுந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகை 42 விஞ்ஞானக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஏறக்குறைய நான்கு பிழைகளும், புகழ்பெற்ற பிரிட்டானிக்காவில் ஏறக்குறைய மூன்று பிழைகளும் இருக்கக் கண்டது. பிரிட்டானிக்கா அவ்வொப்பீட்டை மறுத்தது. அம்மறுப்பு எவ்வாறிருப்பினும், தோல் அட்டை போட்ட கலைக்களஞ்சியமும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று என்பது விளங்குகின்றது. ஆகவே முழுதும் தள்ளுவோர், அறிவைத் தள்ளவில்லை. ஒரு குருவை விட்டு மற்றொரு குருவின் காலைப் பிடிக்கின்றனர்.

மற்றொரு சாரார், "பிழை அகப்பட்டதே, திருத்திவிட்டார்களே, தானே சரியாகிவிடும்" என்றனர். இது வினைப்பயன் தானே தீரும் என்பது போன்ற சமாதானம். எதுவும் தானே சரியாகவில்லை. பிச்சோலிம் போரை ஒழித்தவர் நூற்பெயரைத் தேடிய ஒரு தனி மனிதர். சீன விக்கிப்பீடியாவில் இல்லாத ருஷ்யச் சரித்திரத்தை 206 கட்டுரைகளாகப் புனைந்து பத்தாண்டளவும் நிலைநாட்டிய ஒரு பெண்மணியின் கைவரிசை 2022-இல் வெளிப்பட்டது. அதனைக் கண்டவர் கதை எழுதப் பொருள் தேடிய ஒரு நாவலாசிரியர், பேராசிரியரல்லர், போலீசாரல்லர். ஒரு மனிதன் எழுந்து போய்ப் பார்த்தால்தான் பொய் விழுகின்றது. ஒருவரும் போகாவிட்டால் அது வேரூன்றிக் கிளைக்கின்றது. தென்னமெரிக்காவின் 'கோவாட்டி' என்னும் பிராணிக்கு 2008-இல் ஒரு மாணவன் விளையாட்டாக ஒரு பெயரைச் சேர்த்துவைத்தான். சில ஆண்டுகளில் லண்டன் நாளிதழ்களும் பல்கலைக்கழக அச்சகத்து நூலொன்றும் அப்பெயரை எடுத்தாண்டன. பின்னர் அவையே அப்பெயருக்குச் சான்றாயின! பொய் ஊர் சுற்றிவந்து, தனக்குத் தானே சாட்சி சொல்லிற்று. இப்பொழுது கேட்டவுடன் விடை சொல்லுகிற செயற்கை நுண்ணறிவு யந்திரங்களும் இப்பக்கங்களையெல்லாம் தின்று வளர்ந்தவையே. விடையைத் தருகின்றன, விடை வந்த வழியைப் பல சமயங்களில் மறைத்துவிடுகின்றன. ஆகையால் இந்த மயக்கம் குறையவில்லை, பெருகுகின்றது.

நம் மொழிக்கு நேர்ந்த ஒரு சோதனையையும் சொல்லவேண்டும். 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து, யந்திரத்தின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழிலும் வேறு சில மொழிகளிலும் பெயர்த்து விக்கிப்பீடியாவில் ஏற்றிற்று. கட்டுரைத் தொகை ஏறிற்று, தமிழோ இறங்கிற்று. எழுவாய் ஒரு கரையிலும் பயனிலை மறு கரையிலும் கிடக்கின்ற வாக்கியங்கள். தமிழருக்குப் பெரிதும் வேண்டாத அமெரிக்கச் சங்கதிகள். வங்காளிகள் அம்மொழிபெயர்ப்புகளை ஏற்க மறுத்தனர். தமிழ்த் தொண்டர்கள் வேறு வழி சென்றனர். குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இன்ன பொருளில் எழுதுக, இன்ன பிழையைத் திருத்துக என்று நிபந்தனை பேசினர். 2010-இல் போலந்து நாட்டில் கூடிய உலக விக்கிப்பீடியா மாநாட்டிலும் அதனை எடுத்துரைத்தனர். எண்ணிக்கைப் பெருமைக்கு மயங்காத இச்செயல் பாராட்டுக்குரியது. மயங்கியிருந்தால் என்னாகியிருக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவன் அம்மொழியே அறியாத ஓர் அமெரிக்க வாலிபன் என்பது 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. மோசம் செய்யும் எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அம்மொழியை அறிந்தவர் வந்து பார்க்கவில்லை, அவ்வளவே. காவலில்லாத புனத்தில் பயிரை மேய்வது பகை மாடாகவே இருக்கவேண்டுமென்பதில்லை.

இவற்றையெல்லாம் ரிங்லெட் மலைமேல் இருந்துகொண்டு நாம் ஏன் பேசவேண்டும்? காரணம் உண்டு. இந்த மலைநாட்டைப் பற்றிக் குறிப்பு நூல்களில் தேடுவோர்க்கு, 1885-இல் அளந்து பார்த்த வில்லியம் கேமரன் பெயர் கிடைக்கும். 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரஸ்ஸல் பெயர் கிடைக்கும். காட்டை வெட்டிக் கொழுந்து பறித்த தமிழர், 'தொழிலாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். இக்காலி இடம்தான் நமக்கு ஆபத்து. இன்னிலை வந்து உட்கார்ந்ததும் இத்தகைய காலி ஆசனத்திலேதான். நம் இளைஞர் சிலர் ஆர்வ மிகுதியால், இன்ன சோழன் இம்மலைக்கு வந்தான், இன்ன கோவில் இத்தனை நூற்றாண்டுப் பழமையுடையது என்று கைப்பேசிகளில் பரப்புகின்றனர். மெய்யான நம் பாட்டன்மாரின் உழைப்பை மூடிப் பொய்யான அரசனின் பட்டுப் பீதாம்பரத்தைப் போர்த்துவது பெருமையன்று. அப்பாட்டன்மாருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். நாளை அப்பொய் ஒன்று பிடிபட்டால், அதன் பக்கத்தில் நிற்கும் நூறு மெய்களையும் உலகம் நம்பாது.

தோட்டத்துக் கணக்கு வேலையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கொழுந்து நிறுத்த இடத்தில் எழுதிய சீட்டும் பேர்ப் புத்தகத்தில் ஏறிய ராத்தலும் ஒத்திருந்தால்தான் கணக்குச் செல்லும். எழுதிய கிராணி எத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவர் என்பது அங்கே பேச்சில்லை. ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலிக்கு வேண்டிய இந்த எச்சரிக்கை, ஒரு சமூகத்தின் சரித்திரத்துக்கு வேண்டாமா?

ஆகவே நாம் செய்யவேண்டியவை சிலவே. வாசகராக இருக்கும்போது, கட்டுரையின் அடியில் மேற்கோள் இருக்கின்றதா என்று பார்ப்பதோடு நில்லாமல், வாரத்துக்கு ஒன்றையேனும் திறந்து, அது சொல்லுவதாகச் சொன்னதைச் சொல்லுகின்றதா என்று பார்ப்போமாக. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திலும் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்னும் வரலாறும், விவாதம் நடந்த உரையாடற் பக்கமும் திறந்தே கிடக்கின்றன. எந்த மடாதிபதியும் தன் கணக்கை இப்படித் திறந்துவைத்ததில்லை. திறந்த கதவினுள் நுழையாதவன், உள்ளே இருட்டு என்று குறை கூறலாகாது.

எழுதுவோராக இருக்கும்போது, முதலில் சான்றை உண்டாக்குவோமாக. கோவில் திருவிழா மலரும் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரும் தலைவர்களின் வாழ்த்துரைகளாலும் படங்களாலும் நிரம்புகின்றன. அவற்றில் நான்கு பக்கம் ஒதுக்கி, பழைய பேர்ப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கல்லறைக் கல், முதியோர் வாய்மொழி ஆகியவற்றை, சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்ற விவரத்துடன் அச்சிடலாம். அச்சேறியது நாளை மேற்கோளாகும். பிறர் திறந்து பார்த்துத் திருத்தவும் கூடும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது, சொல்லுக்குப் பொருள் எழுதியதோடு நில்லாமல், அது வழங்கிய நூலையும் இடத்தையும் பக்கத்தில் குறித்தது. நம் மொழியின் நல்ல மரபு அதுவே. தெரியாததைத் தெரியாதென்று வெற்றிடமாக விடுவதும் அம்மரபின் பகுதியே.

கடவுளின் பேரால் சொன்னாலும் கேள்வி கேட்போம் என்றோம். அரசனின் பேரால் சொன்னாலும் கேட்போம் என்றோம். மேற்கோளின் பேரால் சொன்னால் மட்டும் வாய் மூடுவது எந்தப் பகுத்தறிவு? "ஆதாரம் உண்டா?" என்பது பாதிக் கேள்வி. "ஆதாரத்தைத் திறந்து பார்த்தாயா?" என்பதே முழுக் கேள்வி. அக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.